வலது காலின் சத்தம்

தலைவலி, இன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுச் சொன்னபோதே சாந்தசீலிக்கு நிஜமாகவே லேசாகத் தலை வலிக்க ஆரம்பித்துவிட்டது. பொய் சொன்னால் உடம்பு உடனே ஒத்து ஊதும் ஜாதி அவள். அதே பொய்யைப் புருஷனிடமும் சொன்னாள். பாக்கியநாதன் கீபோர்டைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தான், திருநெல்வேலியில் ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கி வர வேண்டும், நாலு கட்டை அழுத்தினால் அழுத்தினபடியே கிடக்கின்றன. "மாத்திரை போட்டுட்டுப் படு சீலி, மாடிக்கெல்லாம் ஏறாத" என்று சொல்லிவிட்டுப் போனான். போன பிறகுதான் அந்தக் கடைசி வார்த்தை அவள் மனதில் முள்ளாகத் தைத்தது. மாடிக்கு ஏறாதே என்று எதற்குச் சொல்ல வேண்டும். தலைவலிக்காரி எங்கே மாடி ஏறப் போகிறாள். மாடியில் என்ன இருக்கிறது, அவளுடைய டிரம்ஸ் இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது, பாட்டுப் பதிவதற்காகச் சுவரெல்லாம் பழைய மெத்தையும் முட்டை அட்டையும் ஒட்டின அந்த அறை இருக்கிறது, அதற்குள் இவள் போகக்கூடாதா. காலுக்காகச் சொல்லியிருக்கலாம். கணுக்காலுக்குள் தகடு வைத்ததிலிருந்து படி ஏறாதே, ஓடாதே, தரையில் உட்காராதே என்று அவன் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறான், ஆனால் அதே வாயால் பெடலை மிதி என்றும்தானே சொல்கிறான். மிதிக்கும்போது மட்டும் கால் வலிக்காதா. அவள் ஸ்குரூ டிரைவரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மாடி ஏறினாள், வேண்டுமென்றே ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் வைத்து.

மூலையில் கிடந்த ஹோம் தியேட்டர் பெட்டி அவள் கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்தது. சின்ன ஸ்பீக்கர்கள் எல்லாம் எப்போதோ செத்துப் போய்விட்டன, பெரியது மட்டும், தட்டு மாதிரி அகலமான அந்த ஊஃபர் மட்டும் உயிரோடு இருந்தது. அதைத்தான் இன்றைக்கு வெளியே எடுக்கப் போகிறாள். எடுத்து மைக் ஆக்கப் போகிறாள். இந்த யோசனையும் அவளுடையது இல்லை, பாக்கியநாதன் கொடுத்ததுதான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே சாமான்தாம்ட்டி, ஒண்ணு பேசும், ஒண்ணு கேக்கும், அவ்வளவுதான். ஸ்பீக்கரைக் கழட்டி மைக் குத்துற இடத்துல குத்துனா அதுவும் கேக்க ஆரம்பிச்சிரும். பெரிய ஊஃபரை கிக் டிரம் முன்னால வச்சம்னா, நம்ம மைக்குக்கு எட்டாத அடிவயித்துச் சத்தமெல்லாம் அதுக்கு எட்டும்" என்றான். செய்து பார்க்கணும் என்றான். செய்யவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது. கையில் எது கிடைத்தாலும் பிரித்துப் போட்டு ஈயத்தை உருக்கி ஒட்டிப் பார்க்கிற மனுஷன், பழைய மிக்சியைக்கூட விட்டு வைக்காதவன், இதை மட்டும் ஏன் செய்து பார்க்கவில்லை. காலால் மிதித்து வாசிக்கிற அந்தப் பெரிய டிரம்மில் அவளுடைய கிக் சத்தம் நன்றாக வர வேண்டும் என்ற அக்கறை அவனுக்கு இல்லையா, அல்லது அவளுடைய கிக் சத்தமே அவனுக்குத் தேவைப்படவில்லையா. ஸ்குரூ துருப்பிடித்திருந்தது. அவள் எச்சில் தொட்டு வைத்து, உள்ளங்கையை அழுத்தித் திருகினாள். திருகத் திருக அந்த ஷேர் ஆட்டோ ஞாபகம் வந்தது.

ஷேர் ஆட்டோவில்தான் இதெல்லாம் தொடங்கியது. புதுப் பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வரும்போது டிரைவர் பாட்டுப் போட்டான், அவளும் பாக்கியநாதனும் சேர்ந்து போட்ட பாட்டு, போன கோடைக்கு ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்டுச் செய்து கொடுத்தது, எப்படியோ ஊரெல்லாம் பரவி ஆட்டோவரைக்கும் வந்துவிட்டது. முழங்காலில் கைப்பையை வைத்துக்கொண்டு அவள் தன் காலைக் கேட்டாள். மற்றவர்கள் பாட்டைக் கேட்பார்கள், அவளுக்குப் பாட்டே காதில் விழாது, தான் மிதித்தது மட்டும்தான் கேட்கும். அந்தப் பாட்டில் பல்லவி முடிகிற இடத்தில் இரண்டு மிதி அடுத்தடுத்து வரும், தும் தும் என்று, மூச்சு விடாமல். தகடு வைத்த பிறகு அந்த இரண்டாவது தும் அவளுக்கு இறங்கிவிடும். எவ்வளவு பழகினாலும் இறங்கும். முதல் மிதிக்குப் பிறகு கால் திரும்பி வர ஒரு நொடி தயங்கும், தயங்கி வந்து மிதிக்கும்போது பாதி பலம்தான் இருக்கும். ஆட்டோவில் கேட்டபோது இரண்டும் ஒன்றாகவே இருந்தன. தும், தும். அட, சரியாகிவிட்டதே என்று அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என்னம்மா என்று கேட்க, தூசி என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்தாள், பாக்கியநாதன் கேட்காமலே. இரண்டு மூன்று நாள் அந்தச் சந்தோஷத்திலேயே ஓடியது. பிறகு ஒரு மத்தியானம், பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து விசில் ஊதிக்கொண்டிருந்தபோது, விசில் வாயிலேயே நிற்க, அது தோன்றியது. ஒன்றாக இருந்தது முதல் தும்மும் இரண்டாவது தும்மும் மட்டும் இல்லை. பாட்டு முழுக்க எல்லாத் தும்மும் ஒன்றாக இருந்தன. எந்த மனுஷக் கால் அப்படி மிதிக்கும்.

அவள் அவனிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்காமல் இல்லை, சுற்றி வளைத்துக் கேட்டாள். "அந்தப் பாட்டுல கிக் நல்லா வந்திருக்குல்லா" என்றாள். "உன் அடிதான" என்றான், முகத்தைத் திருப்பாமல், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே. உன் அடிதான். ஆம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். எதற்கு அத்தனை அழுத்தி உன் அடிதான் என்று சொல்ல வேண்டும், யாருடைய அடி என்று அவள் கேட்கவே இல்லையே. அதற்குப் பிறகு சந்தேகத்துக்குத் தீனி தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை, தானாக வந்து விழுந்தது. டிரம்ஸ் ஸ்டூல் ஒரு திருகு உயர்ந்திருந்தது. அவள் கட்டைக் கால்காரி, ஸ்டூலை எப்போதும் அடிவரைக்கும் இறக்கித்தான் வைப்பாள், போன வாரம் உட்கார்ந்தபோது முழங்கால் வேறு இடத்தில் இருந்தது. யாரோ நெட்டையன் உட்கார்ந்திருக்கிறான். மார்ட்டின் நெட்டையன். கல்யாணக் கச்சேரிகளுக்கு வாசிக்கிற மார்ட்டின், பார்க்கும்போதெல்லாம் "அக்கா, கால் எப்படி இருக்கு" என்று கேட்கிற மார்ட்டின். அவள் பள்ளிக்கூடம் போன பிறகு அவன் வந்து மிதித்துவிட்டுப் போகிறானா. பாட்டு வாங்குகிற சென்னைக்காரர், விக்டர் சார், போனில் ஒருநாள், "இப்பதான் கிக் நிக்குதுப்பா, இப்படியே மெயின்டெயின் பண்ணு" என்றது சமையலறைவரைக்கும் கேட்டது. இப்பதான் என்றால் அதற்கு முன்னால் நிற்கவில்லையா. மார்ட்டின் இல்லையென்றால் கடையில் வாங்கின சத்தமாக இருக்கும். அமெரிக்காவில் எவனோ ஒரு தடியன் மிதித்ததைப் பெட்டியில் அடைத்து விற்கிறார்களாம், வாங்கி வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளலாமாம். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அவள் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து மிதித்து, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அவனே சொல்லி, கடைசியில் தைலம் தேய்த்துக் கொண்டு படுப்பதெல்லாம் எதற்கு. சின்னப் பிள்ளை கையில் சாவியில்லாத வண்டியைக் கொடுத்து ஓட்டச் சொல்வார்களே, அதற்கா. அவளுக்கு வயிறு எரிந்தது. அவன் வேறொருத்தியைப் பார்த்திருந்தால்கூட இப்படி எரிந்திருக்குமா என்று தெரியவில்லை, எரிந்திருக்கும், ஆனால் அது வேறு இடத்தில் எரிந்திருக்கும்.

ஊஃபர் கையோடு வந்துவிட்டது. பின்னால் காந்தம் கனத்தது, முன்னால் கறுப்புக் காகிதம் தொட்டால் உள்ளே போய் வெளியே வந்தது. இரண்டே முனை, இரண்டு வயர். பழைய மைக் கேபிளின் ஒரு நுனியை வெட்டி, தோலை உரித்து, சால்டரிங் கம்பி சூடேறும்வரை அதை முறைத்துக்கொண்டிருந்தாள். இந்த வேலையெல்லாம் அவனைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான், அவனுக்குத் தெரியாது அவளுக்குத் தெரியும் என்று. தெரியாமலே இருக்கட்டும். ஈயம் உருகி வெள்ளியாகப் பரவி உறைந்தது. இனி அதை நிறுத்த ஏதாவது வேண்டும், தரையில் வைத்தால் தரை அதிர்வதையெல்லாம் கேட்கும். பிளாஸ்டிக் முக்காலியைக் கவிழ்த்து, கால்களுக்கு நடுவே சைக்கிள் டியூப் துண்டுகளால் ஊஃபரைத் தொட்டில் கட்டினமாதிரி கட்டி, கிக் டிரம்மின் முன்தோலுக்கு ஒரு சாண் தள்ளி வைத்தாள். டிரம்முக்குள்ளே வழக்கமான மைக் இருந்தது. அது உள்ளே, இது வெளியே. திட்டம் சுலபம். இரண்டிலும் சேர்த்துத் தன் மிதியை, எந்தச் சென்னைக்காரனும் குறை சொல்ல முடியாத கனத்தோடு பதிய வைத்து, பாக்கியநாதன் வந்ததும் போட்டுக் காட்ட வேண்டும். காட்டிவிட்டு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். வெளுக்கிறதா, சிரிக்கிறதா, அவள் கண்ணைப் பார்க்கிறதா, பார்க்கவில்லையா. அதற்குமேல் அவளுக்கு எந்தச் சாட்சியும் தேவையில்லை. பக்கத்து மனையில் கிரானைட் அறுக்கிற மிஷின் கீச்சென்று ஓடிக்கொண்டே இருந்தது. அவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தினால்தான் அவளுக்கு ரெக்கார்டிங். தெருவே வாழ்வதும் சாவதும் அந்த மிஷின் கையில்தான் இருக்கிறது. அது நின்றதும் வந்த அமைதியில் அவளுக்குக் காது அடைத்தது.

மைக்குகளைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கிற சின்னப் பெட்டியில் கேபிளைக் குத்தினாள். மைக்குக்குக் கரண்ட் அனுப்புகிற சிவப்பு விளக்கு எரியக்கூடாது, எரிந்தால் ஊஃபர் வீணாகிவிடும், எரியவில்லை. ஹெட்போனை மாட்டினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, ஒன்றுமில்லை என்று அவள் நினைத்திருந்தது மெள்ள மெள்ளச் சத்தமாக மாறியது. துறைமுக ரோட்டில் உப்பு லாரி போவது கேட்டது, காதில் இல்லை, தாடையில். கீழே தண்ணீர் மோட்டார். சன்னலுக்கு அந்தப் பக்கம் கிரானைட் ஆட்கள் சோற்றுப் பாத்திரத்தோடு பேசிக்கொண்டிருப்பது மூட்டைக்குள்ளிருந்து பேசுவதுபோல, சொற்கள் இல்லாத பேச்சாக வந்தது. இந்தச் சாமானுக்கு வார்த்தை பிடிபடாது, கனம் மட்டும்தான் பிடிபடும். எத்தனை வருஷம் அவர்கள் வீட்டில் மூலையில் கிடந்து பேசியது, இப்போது உட்கார்ந்து கேட்கிறது. ஒருவேளை அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்ததோ. அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது இந்த அறையில் யார் யார் வந்தார்கள் என்று இதற்குத் தெரியும். அசட்டுத்தனமாக நினைக்காதே என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். அப்போதுதான் கேட்டது. டும். சற்று விட்டு, டும். ஒரே சீராக, யாரோ மாடிப்படியில் நிதானமாக ஏறி வருவதைப் போல. ஹெட்போனைக் கழற்றினாள், ஒன்றும் இல்லை. மாட்டினாள், இல்லை, இல்லை, இதோ, டும். பாக்கியநாதன் திரும்பி வந்துவிட்டானா. வாசல் கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கிறதே. மார்ட்டினிடம் சாவி இருக்கிறதா. சாவி கொடுக்கிற அளவுக்குப் போய்விட்டதா. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்தாள், கதவு கதவாகவே நின்றது. பிறகுதான் கீழே பார்த்தாள். அவளுடைய வலது கால், செருப்பில்லாமல், தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவளைக் கேட்காமலே. சிரிப்பு வந்தது, சிரித்துக்கொள்ளவும் பயமாக இருந்தது.

ஸ்டூலை இறக்கி உட்கார்ந்து மிதித்தாள். ஒற்றை மிதிகள் கொஞ்சம், அடுத்தடுத்த இரட்டை மிதிகள் கொஞ்சம், பிறகு அந்தப் பல்லவியின் தாளம், வேறெதையும் தொடாமல் கிக் மட்டும். நிறுத்திவிட்டுக் கேட்டாள். உள்ளே இருந்த மைக்கைத் தனியாகக் கேட்டபோது வழக்கம்போல் டப் டப் என்றது, ஊஃபரைத் தனியாகக் கேட்டபோது அடேயப்பா என்று இருந்தது, நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டாள். காணோம். கனம் காணோம். அட்டைப் பெட்டியை விரலால் சுண்டினமாதிரி டிக் டிக் என்று ஏதோ கேட்டது, அவ்வளவுதான். மறுபடி போட்டாள், அதே டிக். இரண்டு நல்லவர்களைச் சேர்த்து வைத்தால் ஒரு நோஞ்சான் வருமா. கம்ப்யூட்டரில் அவன் ஏதோ செய்து வைத்திருக்கிறான், அவள் மிதித்தால் மெலிந்து போகிறமாதிரி. அப்படி ஒன்று செய்ய முடியுமா, அவனுக்கா முடியாது. இல்லை, கால்தான். கால் செத்துவிட்டது, தனித்தனியாகக் கேட்கும்போது ஏமாற்றுகிறது, சேர்த்து வைத்தால் உண்மை தெரிந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் தகட்டின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "நடக்கலாம்மா, தாராளமா நடக்கலாம்" என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. நடக்கலாம். மிதிக்கலாம் என்று அவர் சொல்லவே இல்லை. அப்போது பாக்கியநாதனிடமிருந்து போன் வந்தது. "தலவலி எப்படி இருக்கு?" "இருக்கு." "படுத்திருக்கியா?" "படுத்திருக்கேன்." அவன் பக்கத்தில் ஏதோ டும் டும் என்றது. "என்னங்க சத்தம் அங்க?" "ரிப்பேர் கடையிலலா நிக்கேன், ஸ்பீக்கர் டெஸ்ட் பண்ணுதான். ஒரு ஸ்பீக்கருக்கு ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாத்திக் கொடுத்திருந்தான் பொடிப்பய, ரெண்டையும் சேத்துப் போட்டா கனமே இல்ல, இப்பதான் மாத்துனான். சரி, தூங்கு." போனை வைத்துவிட்டாள். அவன் குரலில் அவசரம் இருந்ததா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். அடுத்த நிமிஷம் முக்காலியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, தான் ஒட்டின இரண்டு வயர்களையும் பார்த்தாள்.

எதை எதில் ஒட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒட்டும்போது மனசு மார்ட்டினோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ப்ளஸ் மைனஸ் மாறியிருந்தால் அந்த மைக் உள்ளே இழுக்கிற நேரத்தில் இது வெளியே தள்ளும், இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுவிடும், மிச்சம் வெறும் டிக். கால் சாகவில்லை, வயர் மாறியிருக்கிறது. மண்டியிட்டதில் கணுக்கால் கத்தியது, அதைச் சட்டை செய்யாமல் ஈயத்தை மறுபடி உருக்கி இரண்டையும் இடம் மாற்றி ஒட்டினாள். சன்னலுக்கு வெளியே பாத்திரம் கழுவுகிற சத்தம், இன்னும் கொஞ்ச நேரத்தில் மிஷின் ஆரம்பித்துவிடும். உட்கார்ந்து மிதித்தாள், நிறுத்தாமல், முதலிலிருந்து கடைசிவரை. சேர்த்துப் போட்டுக் கேட்டபோது அறையே ஒரு அடி கீழே இறங்கினதுபோல் இருந்தது. இதுதான். இதற்கு எந்த அமெரிக்காக்காரனும் தேவையில்லை, எந்த நெட்டையனும் தேவையில்லை. இரட்டை மிதி வருகிற இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது தும் இறங்கித்தான் இருந்தது. ஊஃபர் அதை மறைக்கவில்லை, இன்னும் பெரிதாக எடுத்துக் காட்டியது. ஒருத்தி காலைச் சற்றுத் தாங்கித் தாங்கி நடந்து வருவது இருட்டில் கேட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஆனாலும் அது அவளுடையது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகக்கூட இருந்தது. மிஷின் கீச்சென்று கிளம்பியபோது அவள் கீழே போய், நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு, நல்ல பிள்ளைமாதிரி படுத்துக்கொண்டாள்.

பாக்கியநாதன் வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. "தலவலி போச்சா?" என்றான். "போச்சு. மாடியில ஒண்ணு போட்டு வச்சிருக்கேன், வந்து கேளுங்க" என்று எழுந்து போனாள், அவன் பின்னாலேயே வந்தான். கதவைத் திறந்ததும் கவிழ்த்துப் போட்ட முக்காலியைப் பார்த்தான். முகம் வெளுக்கவில்லை. "அட, ஊஃபரா? நீயா ஒட்டுன?" என்று குனிந்து ஈயத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பு நிஜமாகத்தான் இருந்தது, அவளுக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவள் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று அவன் முகத்தையே பார்த்தாள். கண்ணை மூடிக் கேட்டான். தலை ஆடியது. "நல்லா இருக்கு சீலி, வயிறு இருக்கு" என்றான். சொல்லிக்கொண்டே கை மௌஸுக்குப் போனது. ஹெட்போனைக் கழற்றாமல், அவளைப் பார்க்காமல், இரட்டை மிதி வருகிற இடத்தைத் தேடிப் போய், இரண்டாவதை வெட்டி எடுத்து, முதலாவதை அந்த இடத்தில் வைத்தான். அவள் தலையில் ஒட்டின பஞ்சை எடுத்துவிடுவானே, அப்படிச் செய்தான், அத்தனை பாசமாக, அத்தனை பழக்கமாக.

"என்ன செய்யுதீங்க?"

"ரெண்டாவது கொஞ்சம் இறங்குதுலா. சரி பண்ணுதேன்."

"எப்பவும் இப்படித்தான் பண்ணுவீங்களா?"

ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். "எப்பவும் இப்படி இல்ல. வழக்கமா மொத்தமா எடுத்துட்டுப் பழசை வச்சிருவேன்."

"எந்தப் பழசு? மார்ட்டின் மிதிச்சதா?"

"மார்ட்டினா? அவனுக்குத் தாளத்துல கையே நிக்காது, இதுல காலுக்கு எங்க போக. உன்னோடதுதாம்ட்டி." அவன் எங்கேயோ போய் எதையோ திறந்து ஒரு பட்டனைத் தட்டினான். அறையில் ஒரு சத்தம் விழுந்தது. தும். ஒன்றே ஒன்று. முழுசாக, உருண்டையாக, எந்தத் தயக்கமும் இல்லாமல். "காலு உடையறதுக்கு முந்தி, அந்தக் கோயில் பாட்டுக்கு ஒரு மத்தியானம் மிதிச்சியே, அதுல இந்த ஒண்ணு. இந்தமாதிரி அப்புறம் அமையல. இதையேதான் எல்லாப் பாட்டுலயும் வச்சிட்டு வாரேன். நான் பொய் சொல்லலியே சீலி. உன் அடிதான்னு சொன்னேன்லா."

"ஒரே ஒண்ணா?"

"ஒண்ணு போதும்லா."

"ஸ்டூலை யாரு ஒசத்துனது?"

அவன் தலையைச் சொறிந்தான். "நாந்தான். நீ பள்ளிக்கூடம் போன பொறவு ஒக்காந்து பாத்தேன். அந்த ரெண்டாவது மிதி எனக்காவது வருதான்னு. வந்தா சொல்லிக் கொடுக்கலாம்னு பாத்தேன், வரல. நல்ல காலு உள்ளவனுக்கே வரல."

அவள் டிரம்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கோபப்பட வேண்டும், எப்படிப் படுவது என்று தெரியவில்லை. மத்தியானம் முழுக்க ஒரு நெட்டையனைத் தேடினாள், ஒரு அமெரிக்கனைத் தேடினாள், வந்து நிற்பதோ அவளேதான். தகடில்லாத காலோடு, இளமையாக, தயங்காமல் மிதித்துவிட்டுப் போன ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் இவள் வேர்த்ததெல்லாம் அந்த ஒருத்தியின் காலடியில் போய்க் குப்பையாகச் சேர்ந்திருக்கிறது. தன்மேலேயே பொறாமைப்பட முடியும் என்று அவளுக்கு இதுவரைக்கும் தெரியாது. முடிகிறது, நன்றாகவே முடிகிறது.

"அப்ப எதுக்கு என்னை மிதிக்கச் சொன்னீங்க?"

"மிதிச்சா நீ நல்லா இருக்கேல்லா" என்றான்.

"அதை அழிங்க."

"எதை?"

"அந்த ஒண்ணை. வெளிய போன பாட்டெல்லாம் போகட்டும். கையில வச்சிருக்கீங்கல்லா, அதை அழிங்க. இனிமே நான் மிதிக்கிறதுதான், இறங்குனா இறங்குனபடி."

"விக்டர் சார் கேப்பாருட்டி."

"கேக்கட்டும்."

பாக்கியநாதன் அவளையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு திரும்பி அழித்தான். நிச்சயமாக அழிக்கவா என்று அது கேட்டது, ஆமாம் என்று தட்டினான். குப்பைத் தொட்டியையும் திறந்து அங்கிருந்தும் எடுத்தான். "போச்சு, போதுமா?" என்று சொல்லி, சற்று முன்பு வெட்டிப் போட்ட அவளுடைய இரண்டாவது மிதியைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு, காப்பி போட்டு வருகிறேன் என்று கீழே போனான்.

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இத்தனை சுலபமாகவா. இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை ஒருத்தி சொன்னாள் என்று ஒரு தட்டில் அழித்துவிடுவானா ஒருத்தன். நம்பச் சொல்கிறானா. இன்னொன்று வைத்திருப்பான். பென் டிரைவில் இருக்கும், போனில் இருக்கும், விக்டர் சாரிடம் இருக்கும், அவரிடம் கேட்டு முதல் வேலையாக வரவழைத்துவிடுவான், அதனால்தான் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. காதில் பூச்சுற்றுகிறான். கீழே பால் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது, அதைத் தொடர்ந்து அவன் ஏதோ முணுமுணுத்துப் பாடுவதும் கேட்டது. சரி, அப்படி இல்லையென்றால். பாக்கியநாதன் இன்றைக்குவரை அவளிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று ஆகிவிட்டதே, இதையும் சொன்னபடியே செய்திருந்தால். அந்தக் கால் இனி அவளிடம் இல்லை, டாக்டரிடம் இல்லை, எங்கேயும் இல்லை, ஒரு மத்தியானம் அது மிதித்த ஒரே ஒரு சத்தமாகத்தான் இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது, அதையும் போய் அழிக்கச் சொல்லிவிட்டாள். பாக்கியநாதன் காப்பியோடு படி ஏறி வரும் சத்தம் கேட்டபோது, இந்த மனுஷன் இந்த ஒரு தடவையாவது தன்னிடம் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று அவள் கர்த்தரை வேண்டிக்கொண்டிருந்தாள்.